சாவியை எடுத்த பிறகும் ஓடிய எஞ்சின்

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் ஓடுகிற எஞ்சினை என் வேலைக்காலத்தில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது ஒரு பள்ளிக்கூட வேன். அதற்கு டீசல் பம்ப் பூட்டியவர் என் சொந்த மச்சான். அன்றைக்கு அதன் அக்சிலேட்டரை மிதித்தவரும் அவர்தான்.

எங்கள் புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சில நாளில் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "நாங்க பாக்கிறது புகைய. பிறகு ஏன் ஒவ்வொரு வாகனத்துக்கும் எஞ்சின் ஒயில் கம்பிய இழுத்துப் பாக்கச் சொல்றீங்க?" கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டதால் எழுதியும் வைக்கிறேன்.

1. மெஷின் பார்ப்பதும் நாம் பார்ப்பதும்

எங்கள் புகைப் பரிசோதனை நிலையம் புத்தளத்துக்குப் பக்கத்தில், பாலாவிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கற்பிட்டிப் பக்கத்து மீன் லொறிகள், முந்தல் பக்கத்து இறால் பண்ணை வாகனங்கள், தேங்காய் லொறிகள், ஹோட்டல் வேன்கள், முச்சக்கர வண்டிகள் எல்லாம் இங்கேதான் வரும். வருடத்துக்கு ஒரு தடவை எமிஷன் டெஸ்ட் பாஸ் ஆகாவிட்டால் ரெவன்யூ லைசன் எடுக்க முடியாது. லைசன் இல்லாமல் ரோட்டில் ஓட முடியாது. ஆகவே எங்களிடம் வருகிற ஒருவரும் சந்தோசமாக வருவதில்லை.

பெட்ரோல் வாகனம் என்றால் சைலன்சருக்குள் குழாயை விட்டு கார்பன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும் அளப்போம். டீசல் என்றால் எஞ்சினைச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, அக்சிலேட்டரை அடிவரைக்கும் ஒரே மிதியாக மிதித்து விடுவோம். அந்த நேரம் வருகிற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று மெஷின் கணக்கெடுக்கும். இப்படிப் பல தடவை மிதிக்க வேண்டும். எஞ்சினுக்கு அது லேசான வேலை அல்ல. பலமில்லாத எஞ்சின் அந்த மிதியிலேயே போய்விடும். அதனால்தான் மிதிக்க முதல் பார்க்க வேண்டியவை என்று சில இருக்கின்றன. பெல்ட், தண்ணீர், சைலன்சர், ஒயில்.

எங்கள் பக்கத்தில் சைலன்சரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். உப்புக் காற்று அதை அரித்து ஓட்டை போட்டுவிடும். ஓட்டையால் வெளிக்காற்று கலந்தால் மெஷின் குறைத்துக் காட்டும். கெட்ட வாகனம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஒயில் விசயம் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலின் பெட்ரோல் கார் கார்பன் மொனொக்சைட் கூடி இரண்டு தடவை பெயிலானது. பிளக் மாற்றினார்கள், எயார் பில்டர் மாற்றினார்கள், சரிவரவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது எஞ்சினுக்குள் இருக்கிற ஆவியை இழுக்கிற ரப்பர் ஹோஸைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு மெஷினைப் பார்த்தேன். எண் உடனே இறங்கியது. அந்தக் கார் ஹோட்டலுக்கும் கடற்கரைக்கும் இடையில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிற கார். எஞ்சின் சூடாக முதலே பயணம் முடிந்துவிடும். எரியாத பெட்ரோல் ஒயிலில் இறங்கி, ஆவியாகித் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஒயிலை மாற்றினார்கள், பாஸ் ஆனது. வேறு ஒன்றும் செய்யவில்லை.

பெட்ரோல் காரில் அது பெயிலோடு முடிகிற கதை. டீசலில் அப்படி முடியாது.

2. ஒயில் குடிக்காத வேன்

ஜெயராணி அக்கா வன்னியிலிருந்து யுத்த காலத்தில் வந்து மாம்புரியில் குடியிருக்கிறவர். புருஷன் கடலுக்குப் போகிறவர். அக்கா ஒரு பழைய டீசல் வேன் வைத்து, மாம்புரிப் பக்கத்துப் பிள்ளைகளைப் புத்தளம் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவார். எங்கள் ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண் அப்போது அவர் ஒருவர்தான். அன்றைக்குக் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் விட முதல் டெஸ்டுக்கு வந்திருந்தார்.

"தம்பி, கெதியாப் பாத்து விடுங்கோ. பள்ளிக்கூடம் விட முதல் நான் கேற்றடியிலை நிக்க வேணும்" என்றார்.

"என்ன வேலையாவது செஞ்ச வேனா அக்கா?"

"ஓம். புகை கூடுது எண்டு போன மாசம் பம்ப் செய்விச்சனான். ரியாஸ் அண்ணையின்ரை கராஜிலை. இப்ப புகையே இல்லை."

ரியாஸ் என்பதுதான் அந்த மச்சான். என் மூத்த ராத்தாவின், அதாவது கூடப் பிறந்த அக்காவின், புருஷன். மன்னாரிலிருந்து வெளியேறி வந்த குடும்பங்கள் எங்களுடையவை. கற்பிட்டி ரோட்டில் அவருக்குக் கராஜ் இருக்கிறது. இந்த வேலைக்கு வர முதல் நான் அவரிடம்தான் வேலை செய்தேன். டீசல் பம்ப் என்றால் மச்சானின் கை நல்ல கை. சிலாபத்திலிருந்தும் தேடி வருவார்கள். இதை முகத்துதியாகச் சொல்லவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் அதுதான் உண்மை.

அந்த மாதிரி வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி, ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தேன். மேல் அடையாளத்தையும் தாண்டி, கம்பியின் வளைவு வரைக்கும் ஒயில் ஏறியிருந்தது.

"ஒயில் கூட ஊத்தினீங்களா அக்கா?"

அவர் சிரித்தார். "நான் ஊத்துறதே இல்லை தம்பி. முந்தி மாசத்துக்கு ஒருக்கா விடுவன். பம்ப் செய்தாப் பிறகு ஒரு சொட்டும் விடேல்லை. இப்ப என்ரை வேன் ஒயில் குடிக்கிறேல்லை. கூடித்தான் நிக்குது."

அதைப் பெருமையாகச் சொன்னார். ஒயில் குறையும், கறுக்கும், கட்டியாகும். தானாகக் கூடாது. கூடினால் வேறு எதுவோ அதற்குள் வருகிறது. தண்ணீர் வந்தால் பால் தேத்தண்ணி நிறமாகும். இது கறுப்பாகவே இருந்தது. கம்பியை மூக்கருகில் பிடித்தேன். டீசல் மணம். விரலில் தொட்டேன். ஒயிலுக்கு இருக்க வேண்டிய வழவழப்பு இல்லை. தண்ணீர் மாதிரி வழிந்தது.

மூக்கை மட்டும் நம்பி ஒருவரின் தொழிலை நிறுத்த முடியாது. ஒரு வெள்ளைக் கடதாசியில் அந்த ஒயிலில் ஒரு சொட்டு விட்டேன். லைனில் நின்ற தேங்காய் லொறியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பக்கத்தில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் லொறியின் சொட்டு கறுப்பாக அப்படியே இருந்தது. வேனின் சொட்டைச் சுற்றி, ரொட்டி சுற்றின கடதாசி மாதிரி, ஒரு பெரிய ஈர வட்டம் விரிந்துகொண்டே போனது. அது டீசல்.

"அக்கா, இந்த வேன டெஸ்டுக்கு மிதிக்க ஏலாது."

"ஏன் தம்பி? புகை இல்லையே!"

விளங்கப்படுத்தினேன். பம்பின் முன்பக்க சீல் வழியாக டீசல் கசிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கிறது. ஒயில் கூடிக்கூடி மேலே வருகிறது. வேகமாக மிதித்தால் எஞ்சின் அதை அடித்துத் தூக்கி, காற்று இழுக்கிற குழாய்க்குள் அனுப்பும். டீசல் எஞ்சினுக்கு பிளக் இல்லை. சூடும் காற்றும் இருந்தால் எது வந்தாலும் எரிக்கும். தன் ஒயிலையே எரிக்கத் தொடங்கினால் பம்புக்கு அங்கே வேலை இல்லை.

"சாவிய எடுத்தாலும் நிக்காது. சாவி நிப்பாட்டுறது பம்ப மட்டும்தான்" என்றேன்.

அவர் வேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப எதாலை நிப்பாட்டுறது?"

எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"காத்து போற வழிய அடைக்கணும். இந்த வேன்ல அது சீட்டுக்கு அடியில இரிக்கி, கிட்டப் போக ஏலாது. இல்லாட்டி டொப் கியர்ல போட்டு, பிரேக்க முழுசா மிதிச்சுக்கொண்டு, கிளட்ச்ச பட்டெண்டு விடணும். எஞ்சின் மூச்சுத் திணறி நிக்கும்."

மனேஜர் நிமல் சார் அந்த நேரம் தன் கந்தோர் அறைக்குள் இருந்து வந்தார். சிலாபத்து ஆள். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார். நல்ல மனிதர். ஆனால் வாகன லைன் நீண்டு ரோட்டுக்கு வந்துவிட்டால் பதறுவார்.

"நஸீர், மொகத, என்ன இது? பாஸ் போட்டா போடு, பெயில் போட்டா போடு. நடுவுல நிக்க வேணாம்."

"டெஸ்ட் செய்யாம திருப்பி அனுப்பணும் சார்."

"புகை பாக்காமலேயா?"

"ஓம் சார். ஒயில பாருங்க."

அவர் கம்பியையும் கடதாசியையும் பார்த்தார். "ஹரி, சரி. வேன் செஞ்ச மெக்கானிக்க கூப்பிடு. உன்ட சொந்தக்காரன்தானே. வந்து கொண்டுபோகட்டும்" என்றார்.

நான் மச்சானுக்கு கோல் எடுத்தேன்.

3. மச்சான் மிதித்தார்

மோட்டர் சைக்கிளில் வந்தார். கையில் கிரீஸ்கூடத் துடைக்கவில்லை. வரும்போதே முகம் நல்லாக இல்லை. போனில் நான் "பம்ப் சீல் கசியிற மாதிரி இரிக்கி மச்சான்" என்று சொன்னதுதான் பிழை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. "ஒருக்கா வாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.

கம்பியை இழுத்துப் பார்த்தார். "நான் ஊத்தின ஒயில்தான். கொஞ்சம் கூட ஊத்தியிருப்பன். இதுக்கா கூப்பிட்டாய்?"

"மணந்து பாருங்க மச்சான்."

"டீசல் எஞ்சின் டீசல் மணக்காம அத்தரா மணக்கும்?"

லைனில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கடதாசியைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"நீ என்ட கராஜில ஸ்பேனர் பிடிச்சவன். இப்ப நீ எனக்கு பம்ப் சொல்லித் தாறியா?"

எனக்கும் சூடு ஏறியது. ஆனால் அவர் ராத்தாவின் மாப்பிள்ளை. வயதில் மூத்தவர். சுற்றி நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய கராஜுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் அவருடைய கைவேலையில் பிழை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை யோசித்து ஒரு கணம் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

"உங்கட மெஷின் வேணாம். வெளிய வெச்சு நானே மிதிக்கிறன். புகை வருதா எண்டு எல்லாரும் கண்ணால பாருங்க" என்று சொல்லி வேனில் ஏறினார். ஸ்டார்ட் செய்து, பின்னால் இருக்கிற வெறும் வளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

நான் பின்னால் ஓடினேன். "மச்சான், மிதிக்காதீங்க. எஞ்சின் நிக்காம ஓடும். ஒயில இறக்கிட்டுப் பாப்பம்."

அவர் மிதித்தார். எஞ்சின் ஏறியது, கொஞ்சம் கறுப்புப் புகை வந்தது, இறங்கியது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாவது தடவை மிதித்தார். ஏறியது, இறங்கியது. "எங்க? எங்க உன்ட ஓட்டம்?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது தடவை மிதித்தார்.

ஏறியது. இறங்கவில்லை.

சத்தம் மேலே மேலே போனது. நாங்கள் டெஸ்டுக்கு மிதிக்கிற உச்சத்தையும் தாண்டி, நான் ஒரு எஞ்சினிலும் கேட்டிராத ஒரு கீச்சுக் குரலுக்குப் போனது. சைலன்சரிலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை சுருள் சுருளாக வந்து வளவை மூடியது.

"கால எடுத்துட்டன்! எடுத்துட்டன்!" என்று மச்சான் கத்தினார். சாவியைத் திருப்பினார், உருவி எடுத்தார். கையில் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். எஞ்சின் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து கீழே குதித்தார்.

எல்லாரும் ஓடினார்கள். ஓடியது பிழை இல்லை. அந்த வேகத்தில் எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கொன்ரொட் உடைந்தால் இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த வேனில் எஞ்சின் இருப்பது டிரைவர் உட்காருகிற இடத்துக்கு அடியில். காற்றுக் குழாயை அடைக்கலாமா என்று நான் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். சீட்டைத் தூக்க முடியவில்லை. கை கொதித்தது. புகையில் கண் தெரியவில்லை.

அப்போது வலப்பக்கத்தால் யாரோ ஏறுவது தெரிந்தது. ஜெயராணி அக்கா.

"தள்ளி நில்லுங்கோ தம்பி!" என்று கத்தினார்.

கிளட்ச்சை மிதித்தார். கியர் கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து டொப் கியரில் தள்ளினார். வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சீட்டிலிருந்து எழும்பி முழுப் பாரத்தையும் அந்தக் காலில் போட்டார். பிறகு கிளட்ச்சை விட்டார்.

வேன் துள்ளியது. முன்டயர் மணலைக் கிளப்பிக்கொண்டு வேலிப் பக்கம் பாய்ந்தது. எஞ்சின் ஒரு தடவை உறுமி, ஒரு தடவை இழுத்து, நின்றது.

கிளட்ச் எரிந்த மணம் வந்தது. ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வேறு சத்தம் ஒன்றும் இல்லை.

நான் போய்க் கதவருகில் நின்றேன். அக்கா இன்னும் பிரேக்கை மிதித்தபடி எழும்பியே நின்றார்.

"நிண்டுட்டுது அக்கா. கால எடுங்க."

"எடுக்க ஏலாமல் கிடக்கு தம்பி" என்றார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கையைப் பிடித்து இறக்கினேன். நிமல் சார் கந்தோரிலிருந்து கதிரை கொண்டுவந்து போட்டார். ஒருவர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்.

மச்சான் வேலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தார். சாவி இன்னும் கையில் இருந்தது. "யா அல்லாஹ்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதுகள் ரெண்டு முன்சீட்டிலைதான் இருக்கிறவை" என்றார். "சண்டை பிடிச்சு அதிலைதான் வந்து ஏறுவினம்."

பிறகு அவர் கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினார். "பள்ளிக்கூடம் விடப் போகுது. பிள்ளையள் கேற்றடியிலை நிக்குங்கள்."

மச்சானும் எழும்பினார். "என்ட வேன் வீட்டுல நிக்கிது. வாங்க தங்கச்சி" என்றார். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மோட்டர் சைக்கிளில் போய்ச் சொந்த வேனைக் கொண்டுவந்தார். அக்காவே ஓட்டினார். மச்சான் பக்கத்துச் சீட்டில் இருந்து போனார். அன்றைக்குப் பிள்ளைகளை வீட்டு வாசல் வாசலாக இறக்கிவிட்டது அவர்கள் இரண்டு பேரும்தான்.

4. கராஜில்

அதற்குப் பிறகு சில நாள் மச்சான் என்னோடு கதைக்கவில்லை. ராத்தா கோல் எடுத்து, "ரெண்டு பேருக்கும் என்ன நடந்த? அவர் சோறும் ஒழுங்காத் திங்கிறல்ல" என்று கேட்டார். வாகன விசயம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கும் சோறு இறங்கவில்லை. மன்னாரை விட்டு வந்த பிறகு என் கையில் ஒரு தொழிலைத் தந்த மனிதர் அவர். நாலு பேருக்கு முன்னால் வைத்து அவருடைய வேலையைப் பிழை என்று சொன்ன வாய் என்னுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தபோது கோல் வந்தது.

"வேன கழட்டப் போறன். நீ நிக்கணும்."

போனேன். வேனுக்கு அடியில் பெரிய பேசின் வைத்து ஒயில் போல்ட்டைக் கழற்றினார். ஒயில் என்றால் கட்டியாக, ஒரு நூல் மாதிரி இறங்க வேண்டும். இது குழாய்த் தண்ணீர் மாதிரிச் சிதறியது. பேசின் நிறைந்து, வாளி வைத்து, வாளியும் நிறைந்தது. எஞ்சின் எரித்தது போகவே அவ்வளவு மிச்சம்.

முன்பக்கக் கவரைக் கழற்றி பம்பை வெளியே எடுத்தார். சீலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சீலின் ரப்பர் உதட்டில் ஒரு வெட்டு. நகத்தால் கீறினது போல அவ்வளவுதான். தண்டின் ஓரத்தில் ஒரு கூர் இருந்திருக்கிறது. புதுச் சீலைத் தள்ளிப் பூட்டும்போது அது வெட்டியிருக்கிறது. எந்த மெக்கானிக்கின் கையிலும் நடக்கக்கூடிய விசயம். கண்ணால் பார்த்துப் பிடிக்கவும் முடியாது.

பிறகு அடிச் சட்டியைக் கழற்றி பேரிங்குகளைப் பார்த்தோம். வெள்ளிப் பூச்சு போய், உள்ளே இருக்கிற செம்பு நிறம் தெரிந்தது. டீசல் கலந்த ஒயில் உராய்வைத் தாங்காது. புகை மெஷின் இதை ஒருக்காலும் காட்டியிருக்காது. அந்த வேன் அன்றைக்கு மூன்று மிதியிலும் தப்பியிருந்தால் நல்ல எண்ணோடு பாஸ் ஆகித்தான் போயிருக்கும்.

மச்சான் ஒரு பேரிங்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "உனக்கு எப்படி உடனே விளங்கின?" என்று கேட்டார்.

"அக்கா சொன்னாங்க மச்சான். ஒயில் குறையல்ல, கூடுது எண்டு."

"என்னட்டயும்தான் சொன்னாங்க" என்றார். "பம்ப் செஞ்சு ரெண்டு கிழமையில வந்து, 'அண்ணை, ஒயிலே விடத் தேவையில்லை' எண்டு சொன்னாங்க. நான் என்ட வேல நல்லம் எண்டு நினைச்சிட்டன்."

பேரிங், சீல், கிளட்ச் எல்லாம் மாற்றி, முழு வேலையையும் அவரே செய்தார். உதவிக்கு ஒருவரையும் விடவில்லை. அதுவரைக்கும் அக்கா மச்சானின் வேனில்தான் பிள்ளைகளை ஏற்றினார். வேலை முடிந்து வேனை எடுக்க அக்கா வந்த அன்றைக்கு நானும் நின்றேன்.

"தங்கச்சி, பிழை என்ட கையில. மன்னிச்சுக் கொள்ளுங்க" என்றார் மச்சான்.

அக்கா வேனின் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். "சீல் வெட்டுறது ஆருக்கும் நடக்கும் அண்ணை. அதுக்கு நான் கோவிக்கேல்லை. தம்பி வேண்டாம் எண்டு சொன்னாப் பிறகும் மிதிச்சியளே. அதுதான்."

அக்கா ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கற்பிட்டி ரோட்டில் ஏறிப் போனார். பிறகு டெஸ்டுக்கு வந்தபோது வேன் ஒழுங்காகப் பாஸ் ஆனது.

5. கற்றுக்கொண்டது

இந்த வேலையில் சேருகிறவர்கள் மெஷினைப் பழகுவது லேசு. ஒரு கிழமையில் பழகிவிடுவார்கள். பழகுவதற்குக் கஷ்டமானது, பின்னால் லைன் நிற்கும்போது, வாகனக்காரர் சொந்தக்காரராக இருக்கும்போது, கண்ணுக்குப் புகையே தெரியாதபோது, "ஏலாது" என்று சொல்வது. அதைவிடக் கஷ்டம், ஒரு தடவை சொன்ன பிறகு அதிலேயே நிற்பது. நான் அன்றைக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, மச்சானின் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினேன். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

ஒயில் குறைந்தால் எல்லாரும் பயப்படுவார்கள். கூடினால் சந்தோசப்படுவார்கள். நீங்கள் கூடினதற்குப் பயப்படுங்கள். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மணந்து பாருங்கள், விரலால் தொட்டுப் பாருங்கள், கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதற்கு மெஷின் தேவையில்லை. வாகனத்தை நாள்தோறும் ஓட்டுகிறவர் பேச்சோடு பேச்சாகச் சொல்கிற வார்த்தையையும் கேளுங்கள். பாதி விசயம் அதில் இருக்கும்.

மச்சான் இப்போது பம்ப் பூட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு வாகனக்காரரிடமும் ஒரு கிழமை கழித்து வரச் சொல்வார். வந்ததும் ஒயில்தான் பார்ப்பார்.

அடுத்த வருடம் அவருடைய வேன் டெஸ்டுக்கு வந்தது. வேறு ஆள் இருந்தும் என்னுடைய லைனில்தான் வந்து நின்றார். சீட்டைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் கை கட்டி நின்றார்.

"முதல்ல ஒயில பாரு" என்றார். "மச்சான் எண்டு விடாத."

இழுத்துப் பார்த்தேன். கீழ் அடையாளத்துக்கும் கீழே நின்றது.

"குறைவா இரிக்கி மச்சான். மிதிக்க ஏலாது."

லைனில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மச்சான் கம்பியை வாங்கி, தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு வேனைப் பின்னுக்கு எடுத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கக் கடையில் ஒயில் வாங்கி ஊற்றிக்கொண்டு வந்து, லைனில் கடைசி ஆளாக நின்றார்.